ஏரிக்கும் ஒரு காய்ச்சல் வாரம் உண்டு

சென்ற ஆண்டு, கடலோர மாவட்டம் ஒன்றில் நடந்த மாணவர் அறிவியல் கண்காட்சிக்கு என்னை நடுவராக அழைத்திருந்தார்கள். நான்காம் படிவ மாணவிகள் மூவர் தங்கள் தாமான் ஏரியை ஆராய்ந்து வந்திருந்தார்கள். முன்பு செம்பனைத் தோட்டமாக இருந்த நிலத்தில் எழுந்த தாமான் அது. ஏரியின் மூன்று மூலைகளில் தண்ணீர் எடுத்து அமிலத்தன்மையை அளந்திருந்தார்கள். பி.எச். அளவு ஏழுக்குச் சற்றுக் குறைவு. தண்ணீர் நல்ல தெளிவு. உள்ளங்கை அகலத்துக்குப் பெரிய திலாப்பியா மீன்கள் துள்ளும் படங்களும் இருந்தன. "ஆகவே, எங்கள் ஏரி நலமாக இருக்கிறது" என்று அறிக்கையை முடித்திருந்தார்கள். அட்டவணை சுத்தம், பேச்சு தெளிவு. நான் தயங்காமல் முழு மதிப்பெண் போட்டேன். முதல் பரிசும் அவர்களுக்கே கிடைத்தது.

வீடு திரும்பும் வழியில்தான் மனம் உறுத்தியது. பல ஆண்டுகள் அறிவியல் சொல்லிக் கொடுத்தவள் நான். ஆனாலும் அந்தப் பிள்ளைகளிடம் இரண்டு எளிய கேள்விகளைக் கேட்கத் தவறிவிட்டேன். எப்போது அளந்தீர்கள்? மீன் குஞ்சுகளைப் பார்த்தீர்களா?

முதல் கேள்விக்குப் பதில் அறிக்கையிலேயே இருந்தது. பள்ளி விடுமுறையில் ஒரு சனிக்கிழமை காலை. அந்த ஒரே ஒரு நாள்தான். இரண்டாவது கேள்விக்குப் பதில் எங்குமே இல்லை.

இந்த இரண்டு கேள்விகளும் ஏன் முக்கியம் என்பதைச் சொல்லவே இதை எழுதுகிறேன். ஒரு நீர்நிலை நலமா என்று அறிய வேண்டுமானால், அதன் சராசரி நாளையும் அதில் வாழும் பெரிய மீனையும் பார்த்தால் போதாது. அதன் மிக மோசமான வாரத்தையும், அந்த வாரத்தில் அங்கிருக்கும் மிகச் சிறிய குஞ்சையும் பார்க்க வேண்டும். இதை உலகுக்குக் கற்றுக் கொடுத்தவை நம் ஊரிலிருந்து வெகு தொலைவில், பனி பெய்யும் நாடுகளில் உள்ள ஏரிகள். முதலில் அங்கே போய்விட்டு, பிறகு நம் ஊர் கால்வாய்க்கு வருவோம்.

பனிக்குள் சேரும் அமிலம்

மழைநீர் இயல்பிலேயே சற்று அமிலம்தான். காற்றிலுள்ள கரியமிலவாயு கரைவதால் தூய மழைநீரின் பி.எச். ஏறத்தாழ 5.6 இருக்கும். நிலக்கரியை எரிக்கும்போதும் உலோகத் தாதுக்களை உருக்கும்போதும் கந்தக டைஆக்சைடு வெளியேறுகிறது. வாகனப் புகையிலிருந்து நைட்ரஜன் ஆக்சைடுகள் வருகின்றன. இவை காற்றில் கந்தக அமிலமாகவும் நைட்ரிக் அமிலமாகவும் மாறி, மழையோடும் பனியோடும் தரைக்கு வருகின்றன.

மழையாக வந்தால் உடனே ஓடிவிடும். பனியாக வந்தால் அப்படியே தங்கிவிடும். நார்வே, சுவீடன், கனடா போன்ற நாடுகளில் குளிர்காலம் முழுவதும் விழும் பனி, மாதக்கணக்கில் அமிலத்தைச் சேமித்து வைக்கிறது. வசந்தம் வந்ததும் பனி உருகுகிறது. அந்த அமிலம் உருகும் நீரில் சீராகக் கலந்து வருவதில்லை. பனித்துகள்கள் உருகி, மீண்டும் உறையும்போது அழுக்குகள் துகள்களின் மேற்பரப்புக்குத் தள்ளப்படுகின்றன. முதலில் உருகி ஓடும் நீர் அவற்றைக் கழுவிக்கொண்டு போகிறது. நார்வே ஆய்வாளர்கள் 1978-ல் வெளியிட்ட முடிவு இது: உருகும் நீரில் முதல் 30 விழுக்காடு, பனியில் இருந்த மாசில் 50 முதல் 80 விழுக்காட்டைச் சுமந்து சென்றுவிடுகிறது. குளிர்காலம் முழுவதும் சேர்ந்த அமிலத்தின் பெரும்பகுதி சில நாட்களில், சில வாரங்களில் ஏரிக்கும் ஓடைக்கும் வந்துவிடுகிறது.

இங்கே நம் பாடநூலில் உள்ள ஓர் உண்மை கைகொடுக்கும். நீர் 4 பாகை செல்சியசில்தான் மிக அடர்த்தியாக இருக்கும். உருகிய பனிநீரோ 0 பாகையை ஒட்டியது, எடை குறைந்தது. ஆகவே அது ஏரியின் ஆழத்துக்கு இறங்குவதில்லை. மேலே இருக்கும் பனிக்கட்டிக்கு அடியில் மெல்லிய படலமாகப் பரவி, ஆழமில்லாத கரையோரங்களை நிறைக்கிறது. அமிலநீர் இப்படி மேலேயே தங்கிவிடுவதால் ஆழத்தில் இருக்கும் பெரிய மீனுக்கு அது வந்ததே தெரியாமல் போகலாம்.

கரையோரத்தில் யார் இருக்கிறார்கள்? வட அமெரிக்காவின் ஏரி டிரவுட் மீனை எடுத்துக்கொள்வோம். அது இலையுதிர் காலத்தில் பாறைகள் நிறைந்த இடங்களில் முட்டையிடும். முட்டைகள் குளிர்காலம் முழுவதும் கல்லிடுக்குகளில் கிடக்கும். பனி உருகும் காலத்தை ஒட்டித்தான் குஞ்சுகள் பொரிந்து, வயிற்றில் மஞ்சள் கருப் பையோடு அந்த இடுக்குகளில் ஒண்டியிருக்கும். அவற்றுக்கு நீந்தவே சரியாகத் தெரியாத நேரத்தில் அமிலநீர் வந்து சேர்கிறது.

செவுளில் நடக்கும் போராட்டம்

நன்னீர் மீனின் இரத்தத்தில் உப்பு அதிகம். அதைச் சுற்றியுள்ள நீரில் உப்பு மிகக் குறைவு. ஆகவே மீனின் உடலிலிருந்து சோடியமும் குளோரைடும் ஓயாமல் கசிந்துகொண்டே இருக்கும். செவுள்கள் நீரிலிருந்து அவற்றைத் திரும்பத் திரும்ப இழுத்து அந்தக் கணக்கைச் சரிசெய்யும். நீரில் அமிலம் கூடினால் இரண்டு தீங்குகள் ஒரே நேரத்தில் நேர்கின்றன. சோடியம் உள்ளே நுழையும் வழி அடைபடுகிறது. செவுள் செல்களை ஒன்றோடொன்று இறுக்கிப் பிடித்திருக்கும் கால்சியம் கழன்று, கசிவு இன்னும் பெருகுகிறது. வரவு குறைந்து செலவு கூடினால் குடும்பம் என்ன ஆகுமோ, அதுதான் மீனுக்கும் ஆகிறது.

இதோடு அலுமினியமும் சேர்ந்துகொள்கிறது. மண்ணில் அலுமினியம் ஏராளம். சாதாரண நாளில் அது மண்ணோடு கட்டுண்டு கிடக்கும். அமிலநீர் பட்டதும் கரைந்து ஏரிக்குள் வருகிறது. செவுளின் மேல் அது படியும்போது மீன் கோழையைச் சுரந்து தன்னைக் காக்கப் பார்க்கிறது. அந்தக் கோழையே மூச்சை அடைக்கிறது.

1975 வசந்தத்தில் தெற்கு நார்வேயின் தோவ்தால் ஆற்றில் பழுப்பு டிரவுட் மீன்கள் பெருந்திரளாகச் செத்து மிதந்தன. பனி உருகத் தொடங்கிய நேரம் அது. ஆய்வாளர்கள் மீன்களின் இரத்தத்தைச் சோதித்தபோது சோடியமும் குளோரைடும் வெகுவாகக் குறைந்திருந்தன. அமிலம் அந்த மீன்களின் உடலிலிருந்த உப்பை மெல்ல மெல்ல உருவியிருந்தது.

பெரிய மீனுக்கே இந்தக் கதி என்றால் குஞ்சின் நிலையை எண்ணிப் பாருங்கள். அதன் உடலில் இருக்கும் உப்புச் சேமிப்பு மிகச் சிறியது. உடல் எடையோடு ஒப்பிட்டால் அதன் தோல் பரப்பு மிகப் பெரியது. முட்டைக்குள் இருக்கும் கருவுக்கு வேறொரு தொல்லை. முட்டையின் ஓட்டுப்படலத்தைக் கரைத்து வெளியே வர அது ஒரு நொதியைச் சுரக்க வேண்டும். அமிலநீரில் அந்த நொதி சரியாக வேலை செய்வதில்லை. வளர்ந்து முடிந்த குஞ்சு, கதவைத் திறக்க முடியாமல் உள்ளேயே சுருண்டு கிடந்து சாகிறது.

எப்படித் தாக்குப் பிடிக்கின்றன?

அப்படியானால் இத்தனை ஆண்டுகளாகச் சில குஞ்சுகளாவது எப்படிப் பிழைத்தன? இந்தக் கேள்விக்கான பதில்தான் என்னை மிகவும் கவர்ந்தது.

முதல் காவல் தாயின் தேர்வு. புரூக் டிரவுட் என்னும் மீன், நிலத்தடி நீர் ஊறி வரும் இடமாகப் பார்த்து முட்டையிடும். மண்ணுக்குள் நெடுநாள் இருந்து வரும் ஊற்றுநீரில் அமிலத்தை அடக்கும் தாதுக்கள் இருக்கும். மேலே அமிலநீர் ஓடினாலும் கூழாங்கற்களுக்கு அடியில் இருக்கும் முட்டைக்கு நல்ல நீர் கிடைத்துக்கொண்டிருக்கும். ஓரளவு வளர்ந்த மீன்களும் அமிலப் பெருக்கு வரும்போது இத்தகைய ஊற்றுகளையும் கிளை ஓடைகளையும் நாடி ஒதுங்குகின்றன.

இரண்டாவது காவல் நீரிலேயே இருக்கிறது. கால்சியம் அதிகமுள்ள நீரில் செவுள்கள் எளிதில் கசிவதில்லை. மட்கிய இலைதழைகளிலிருந்து வரும் பழுப்பு நிறப் பொருள்கள் அலுமினியத்தைப் பிடித்துக் கட்டிவிடுவதால் அதன் நச்சும் குறைகிறது. ஆகவே ஒரே பி.எச். உள்ள இரண்டு ஏரிகளில், ஒன்றில் குஞ்சுகள் பிழைக்கலாம், மற்றதில் சாகலாம்.

மூன்றாவது காவல் பரம்பரை. நார்வே டிரவுட்களில் சில கிளைகள் மற்றவற்றைவிட அமிலத்தைத் தாங்குகின்றன. அந்தத் தாங்கும் திறன் பெற்றோரிடமிருந்து குஞ்சுகளுக்கு வருகிறது.

நான்காவதாகக் காலமும் ஒரு காவல். அமிலப் பெருக்கு குறுகிய நேரமே நீடித்து, நீர் விரைவில் பழைய நிலைக்குத் திரும்பினால், இழந்த உப்பை மீன் மீண்டும் சேர்த்துக்கொள்ளும். நீண்டுகொண்டே போனால் முடியாது.

இந்த நான்கையும் கூர்ந்து பாருங்கள். எல்லாவற்றுக்கும் ஓர் எல்லை இருக்கிறது. ஊற்று வற்றிவிட்டால் தாயின் தேர்வுக்கு இடமில்லை. மண்ணின் தாதுக்கள் ஆண்டாண்டாய்க் கழுவப்பட்டுவிட்டால் நீரின் காவலும் போகிறது. பரம்பரைத் திறன் உருவாகப் பல தலைமுறைகள் வேண்டும். "இயற்கை தன்னைத் தானே பார்த்துக்கொள்ளும்" என்று நாம் வாய்கூசாமல் சொல்கிறோம். இயற்கை பார்த்துக்கொள்வது உண்மைதான். ஆனால், நாம் கெடுக்கும் வேகத்துக்கு அது ஈடுகொடுக்காது.

பெரிய மீன் சொல்லும் பொய்

கனடாவின் ஒன்டாரியோ மாநிலத்தில் ஆய்வுக்கென்றே ஒதுக்கப்பட்ட ஏரிகள் உள்ளன. அவற்றில் ஒன்று 223 என்ற எண் கொண்ட ஏரி. டேவிட் ஷிண்ட்லர் என்ற அறிஞரின் குழுவினர் 1976 முதல் 1983 வரை அந்த ஏரியில் கொஞ்சம் கொஞ்சமாகக் கந்தக அமிலம் சேர்த்து, பி.எச். அளவை 6.8-லிருந்து 5.0-க்குக் கொண்டுவந்தார்கள். அவர்கள் கண்டது என்ன? பெரிய டிரவுட் மீன்கள் உடனே சாகவில்லை. அவை பல ஆண்டுகள் நீந்திக்கொண்டுதான் இருந்தன. ஆனால், பி.எச். 6-க்குக் கீழே இறங்கியதுமே அவற்றுக்கு உணவாகும் சிற்றுயிர்களும் சிறு மீன்களும் குறையத் தொடங்கின. பிறகு டிரவுட் குஞ்சுகள் வராமல் போயின. முடிவில் எந்த மீன் இனமும் அங்கே இனம் பெருக்கவில்லை. எஞ்சிய பெரிய டிரவுட்கள் இரையின்றி மெலிந்து போயின. நல்ல வேளையாக, அமிலம் சேர்ப்பதைக் குறைத்த பின் அந்த ஏரி மெல்லத் தேறியது.

அமிலமான ஏரிகளில் இது பலமுறை நடந்திருக்கிறது. குஞ்சுகள் ஒவ்வோர் ஆண்டும் மடிகின்றன. முதிய மீன்கள் மட்டும் எஞ்சுகின்றன. போட்டி குறைவதால் சில இடங்களில் அவை இன்னும் பெரிதாக வளர்கின்றன. தூண்டில்காரர்கள் மகிழ்கிறார்கள். தண்ணீரும் முன்பைவிடத் தெளிவாக இருக்கிறது, அமிலத்தில் பாசி வகைகளும் நிறம் தரும் பொருள்களும் குறைந்துவிடுவதால். பார்ப்பவர்களுக்கு அது அழகான ஏரி. உண்மையில் அது பிள்ளைகள் இல்லாத ஊர்.

நான் முழு மதிப்பெண் போட்ட அறிக்கையில் இருந்தவையும் இவைதாம்: தெளிந்த நீர், பெரிய மீன், ஒருநாள் அளவு.

அளவைப் பற்றி ஒரு சிறு கணக்கு. ஓர் ஏரியில் ஆண்டின் 50 வாரங்கள் பி.எச். 6.5, மீதி 2 வாரங்கள் 4.5 என்று வைத்துக்கொள்வோம். ஆண்டுச் சராசரி என்ன? 6.4. யாரும் கவலைப்பட மாட்டார்கள். ஆனால் பி.எச். அளவில் ஓர் எண் இறங்கினால் அமிலம் 10 மடங்கு, இரண்டு எண் இறங்கினால் 100 மடங்கு. அந்த 2 வாரங்களில் குஞ்சுகள் 100 மடங்கு அமிலத்தில் கிடந்திருக்கும். ஒரு பிள்ளையின் உடல் வெப்பத்தை ஆண்டு முழுவதும் அளந்து சராசரி கண்டால் 37 பாகையை ஒட்டித்தான் வரும். டிங்கிக் காய்ச்சலில் துவண்டு கிடந்த அந்த ஒரு வாரம் அதில் தெரியாது. பெற்றவளிடம் அந்தச் சராசரியைக் காட்டி "உன் பிள்ளை நலமாகத்தான் இருந்தான்" என்று யாராவது சொல்வோமா?

நம் மீன்களுக்குப் பழக்கம்தானே?

"பனியே இல்லாத நம் நாட்டுக்கு இது எதற்கு?" என்று சிலர் கேட்கலாம். இன்னும் விவரம் தெரிந்தவர்கள், "நம் சதுப்புக் காடுகளில் மீன்கள் அமிலநீரில்தானே வாழ்கின்றன?" என்று கேட்பார்கள். நல்ல கேள்வி.

தே ஓ நிறத்தில் இருக்கும் கரிச்சதுப்புக் காட்டுநீரை நம்மில் பலர் பார்த்திருப்போம். அதன் பி.எச். 3 வரைகூட இறங்கும். அங்கே வாழும் மீன்களில் ஒன்று பேடோசிப்ரிஸ் புரோஜெனெட்டிகா. சுமாத்திராவில் கண்டறியப்பட்ட இந்த மீனைப் பற்றி, சிங்கப்பூர் ஆய்வாளர் ஒருவரும் இடம்பெற்ற குழு 2006-ல் உலகுக்கு அறிவித்தது. முதிர்ந்த பெண் மீன் ஒன்றின் நீளம் வெறும் 7.9 மில்லிமீட்டர். இதன் உறவினம் ஒன்று நம் சரவாக்கில் இருக்கிறது.

இந்த மீன்கள் அமிலத்தைத் தாங்குவது உண்மை. எண்ணற்ற தலைமுறைகளாக அவை வாழ்ந்துவரும் வீடு அது. ஆண்டு முழுவதும் அமிலமாக இருக்கும் நீரில் பழகிய மீன் வேறு. ஐம்பது வாரம் நல்ல நீரில் இருந்துவிட்டு இரண்டு வாரம் திடீரென அமிலத்தில் தள்ளப்படும் மீன் வேறு. முன்னதைக் காட்டிப் பின்னதைப் பொறுத்துக்கொள்ளச் சொல்வது, மலையில் பிறந்தவர் குளிரைத் தாங்குகிறார் என்பதற்காக நம் வீட்டுக் கைக்குழந்தையை அங்கே சட்டையின்றி விடுவது போன்றது.

நம் ஊரின் பனி உருகல்

நமக்குப் பனி இல்லை. ஆனால் நமக்கும் ஒரு பனி உருகல் உண்டு. அதன் பெயர் முதல் மழை.

கடலோரத் தாழ்நிலங்களில், பழைய அலையாத்திக் காடுகள் இருந்த மண்ணுக்கு அடியில் பைரைட் என்னும் இரும்புக் கந்தகக் கனிமம் இருக்கிறது. நீருக்குள் மூழ்கியிருக்கும்வரை அது ஒரு தொல்லையும் தராது. கால்வாய் வெட்டி நீரை வடித்ததும் காற்றுப் பட்டு அது கந்தக அமிலமாக மாறத் தொடங்குகிறது. வறண்ட வாரங்களில் அமிலம் மண்ணிலேயே சேர்கிறது. பிறகு வரும் முதல் பெருமழை அதைக் கழுவிக் கால்வாய்க்கும் குளத்துக்கும் கொண்டுவருகிறது. சேமிப்பதும், பிறகு ஒரேயடியாகக் கொட்டுவதும் பனி செய்யும் அதே வேலைதான். அலுமினியமும் அதே போல் கூடவே வருகிறது. வியட்நாமின் மேக்கோங் கழிமுகத்து விவசாயிகள், மழைக்காலத் தொடக்கத்தில் வரும் இந்த அமிலநீரை நன்றாக அறிவார்கள். ஆஸ்திரேலியாவின் காக்காடு பகுதியிலும் முதல் மழையில் மீன்கள் சாவதை ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள்.

நான் பிறந்தது கடலோரச் செம்பனைத் தோட்டம் ஒன்றில். என் தாத்தா அங்கே கால்வாய் வெட்டும் வேலை பார்த்தவர். ஓய்வு நாளில் தூண்டிலோடு போய் விரால் பிடிப்பார். குஞ்சுகளோடு இருக்கும் விராலை மட்டும் தொடமாட்டார். நீர்மட்டத்தில் சிவப்புத் திரளாகக் குஞ்சுகள் மிதக்க, அடியில் பெரிய மீன் காவல் நிற்பதை எனக்குக் காட்டிக் கொடுத்தவர் அவர்தான். நெடுநாள் வெயிலுக்குப் பிறகு மழை கொட்டிய மறுநாள், கால்வாய் நீர் கண்ணாடி போல் தெளிந்திருக்கும். கரை ஓரம் துரு நிறத்தில் படிந்திருக்கும். "தண்ணி ரொம்பத் தெளிஞ்சு கெடக்கு பாப்பா, இன்னிக்குத் தூண்டில் வேணாம்" என்பார். தெளிந்த தண்ணீர் நல்லதுதானே என்று நான் கேட்பேன். அவர் பதில் சொல்லாமல், ஓரத்தில் வெள்ளை வயிறு தெரிய மிதக்கும் பொடி மீன்களைக் காட்டுவார். அமிலநீரில் கரைந்து வரும் அலுமினியம் கலங்கலை அடியில் படியவைத்து நீரைத் தெளிவாக்கிவிடும் என்பதை நான் கல்லூரியில்தான் படித்தேன். தாத்தா அதற்கு முன்பே அந்தத் தண்ணீரைப் படித்திருந்தார்.

கண்காட்சிக்குப் பிறகு, ஒரு வறண்ட காலத்தின் முடிவில், நான் மீண்டும் அந்தக் கால்வாய்க்குப் போனேன். மழைக்கு முன் சோதனைத் தாள் மஞ்சள் கலந்த பச்சையைக் காட்டியது. முதல் பெருமழைக்கு மறுநாள் அதே இடத்தில் ஆரஞ்சு நிறம். ஒரு தாளை வைத்துக்கொண்டு பெரிய முடிவு சொல்ல முடியாது. முதல் மழையில் ஆக்சிஜன் குறைந்தும் மீன் சாகும். ஆனால், ஒரே ஒரு நாள் அளந்துவிட்டு "நலம்" என்று எழுதக்கூடாது என்பதற்கு அந்த இரண்டு தாள்களே எனக்குப் போதும்.

நான் கேட்பது இதுதான்

நம் நாட்டின் நீர்த்தரக் குறியீடு ஆறு அளவீடுகளைச் சேர்த்து ஒரே எண்ணாகத் தருகிறது. பி.எச். அவற்றில் ஒன்று. 100-ல் 12 பங்கு எடை அதற்கு. நாடு முழுவதையும் ஒப்பிட அப்படி ஓர் எண் தேவைதான், அதைக் குறை சொல்லவில்லை. ஆனால் ஒரு குளத்தின் கரையில் குடியிருக்கும் பிள்ளைகள் அந்த எண் சொல்லாததைச் சொல்ல முடியும். அவர்கள் தினமும் அந்த வழியாகத்தான் பள்ளிக்குப் போகிறார்கள்.

எனவே அறிவியல் ஆய்வுத் திட்டங்களை வழிநடத்தும் ஆசிரியர்களிடமும், என்னைப் போன்ற நடுவர்களிடமும் நான் கேட்பது மூன்று. ஒன்று, நீர்நிலை ஆய்வு என்றால் ஒரு நாள் அளவை ஏற்காதீர்கள். மாதம் ஒரு முறையாவது அளக்கச் சொல்லுங்கள். வறட்சிக்குப் பின் வரும் முதல் பெருமழையின் மறுநாள் கட்டாயம் அளக்கச் சொல்லுங்கள். இரண்டு, ஏரியின் நடுவையும் மதகையும் மட்டும் பாராமல், குஞ்சுகள் வாழும் ஆழமற்ற ஓரத்திலும் நீர் எடுக்கச் சொல்லுங்கள். மூன்று, குஞ்சுகளைக் கண்டீர்களா, எப்போது கண்டீர்கள், எப்போது காணவில்லை என்று ஒரு பத்தி கேளுங்கள். இதற்கு விலையுயர்ந்த கருவி வேண்டாம். சோதனைத் தாள் சில ரிங்கிட்தான். ஒரு குறிப்பேடும் பொறுமையும் இருந்தால் போதும். பெரியவர் ஒருவர் துணையோடு போங்கள், நீரில் இறங்காதீர்கள். எலிச் சிறுநீர் நோய் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

"எஸ்.பி.எம். தேர்வுக்கு நடுவில் இதற்கு நேரம் ஏது?" என்று சக ஆசிரியர்கள் கேட்பது எனக்குக் கேட்கிறது. நேரக் குறைவு உண்மைதான். ஆனால் ஓராண்டில் பன்னிரண்டு நாட்கள், ஒவ்வொரு நாளும் அரை மணி நேரம். மடக்கை அளவு, நீரின் அடர்த்தி, அயனிகள், சவ்வூடு பரவல் என்று தேர்வுக்குப் படிக்கும் பாதிப் பாடம் அந்தக் கரையிலேயே இருக்கிறது.

இதனால் என்ன மாறிவிடும் என்று நினைக்காதீர்கள். 1967-ல் சுவாந்தே ஓடேன் என்ற சுவீடன் மண்ணியல் அறிஞர், பல நாடுகளில் பல ஆண்டுகள் சேர்ந்த மழைநீர் அளவுகளை ஒன்றுதிரட்டிப் பார்த்தார். மற்ற நாடுகளின் புகை தம் நாட்டு ஏரிகளை அமிலமாக்குகிறது என்பதை அவர் முதலில் பொதுமக்களுக்குச் சொன்னது ஒரு நாளிதழில்தான். ஆண்டுதோறும் சலிப்பின்றி யாரோ குறித்து வைத்த எண்கள் இல்லாவிட்டால் அவர் எதைச் சொல்லியிருப்பார்? 1979-ல் ஐரோப்பிய நாடுகளும் வட அமெரிக்க நாடுகளும் எல்லை தாண்டும் காற்று மாசுக்கு எதிராக ஜெனீவாவில் உடன்பாடு கண்டன. அதற்குப் பிறகு ஐரோப்பாவின் கந்தகப் புகை பெருமளவு குறைந்தது. ஆண்டுதோறும் புகைமூட்டத்தில் இருமும் நமக்கு, எல்லை தாண்டும் புகையின் அருமை பெருமையை யாரும் விளக்க வேண்டியதில்லை. மீன்கள் செத்து மிதந்த அந்தத் தோவ்தால் ஆற்றில் 1990-களில் சுண்ணாம்புத் தூள் சேர்க்கத் தொடங்கினார்கள். பிறகு சால்மன் மீன்களே அங்கே திரும்பி வந்தன. சுண்ணாம்பு முதலுதவிதான். நோயைத் தீர்த்தது புகையைக் குறைத்ததுதான்.

அந்த மூன்று மாணவிகளையும் அவர்கள் ஆசிரியர் வழியாகத் தொடர்புகொண்டு, என் தவற்றைச் சொன்னேன். நான் கேட்டிருக்க வேண்டிய இரண்டு கேள்விகளையும் கேட்டேன். சிறிது நேரம் மௌனம். பிறகு ஒருத்தி மெல்லக் கேட்டாள்: "அப்படின்னா பரிசைத் திருப்பிக் கொடுக்கணுமா, டீச்சர்?"

"வேண்டாம். மீதிப் பதினொரு மாதத்தை அளந்து கொடுத்தால் போதும்" என்றேன்.

இப்போது அவர்களின் குறிப்பேட்டில் ஏழு மாத அளவுகள் இருக்கின்றன. நான்காம் மாதப் பக்கத்தின் ஓரத்தில், "இன்று கரையோரம் குஞ்சுகள் பார்த்தோம், எண்ண முடியவில்லை" என்று எழுதியிருக்கிறார்கள். சில வாரங்களாக அங்கே மழை இல்லை. சோதனைத் தாளைப் புத்தகப் பையிலேயே வைத்துக்கொண்டு மூவரும் வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.